எந்தக் கவுன்சிலிங்?

நம்மூரில் 'கவுன்சிலிங்' என்றாலே கட்-ஆஃப், ரேங்க், எந்தக் கல்லூரி என்றுதான் பேச்சு ஓடும். சீட் வாங்கிச் சேர்ந்த பிறகு அதே பெயரில் கல்லூரிக்குள் இன்னோர் அறை இருக்கும். அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கத்தான் ஆளிருக்காது. அந்த அறையைப் பற்றி விடுதிகளில் உலவும் சில நம்பிக்கைகள் இவை.

"அங்கே போனால் கீழ்ப்பாக்கம் கேஸ் என்பார்கள்."

1794-லிருந்து இயங்கும் ஒரு மனநல மருத்துவமனை இருக்கும் இடத்தின் பெயரைக் கேலிச்சொல் ஆக்கிவைத்தது நம்முடைய குறை. கல்லூரி ஆலோசகரிடம் வரும் சங்கதிகள் எல்லார் வீட்டிலும் நடப்பவைதான்: சேர்ந்துபோன அரியர், தமிழ் வழியில் படித்துவிட்டு முதல் செமஸ்டரில் ஆங்கிலம் புரியாத தவிப்பு, ரூம்மேட்டோடு சண்டை, காதல் முறிவு, கல்விக் கடன், தூக்கம் வராத இரவுகள். ஆலோசகர் மாத்திரை எழுதித் தருபவரும் இல்லை. தேவை என்று பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார், அவ்வளவுதான்.

"சொன்னதெல்லாம் எச்.ஓ.டி. காதுக்குப் போகும், மறுநாள் அப்பாவுக்குப் போன் போகும்."

இந்தப் பயத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. சிகிச்சை பெறுபவரின் விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாக்கியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில சூழல்களுக்குத்தான் விலக்கு. ஆனால் நடைமுறை? ஒரு கல்லூரியில் பார்த்தேன். ஸ்டாஃப் ரூமுக்குள்ளேயே ஒரு பலகைத் தடுப்பு, அதுதான் ஆலோசனை அறை. வாசலில் கோடு போட்ட ரிஜிஸ்டர்: பெயர், ரோல் நம்பர், வந்த காரணம். காரணத்துக்கான கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை 'தலைவலி', 'தலைவலி', 'தலைவலி'. அட்டெண்டன்ஸ் குறைந்தவர்களைத் தண்டனைபோல அதே அறைக்கு அனுப்புவதும் நடந்தது. இன்டர்னல் மார்க் போடும் பேராசிரியரையே 'ஆலோசகர்' என்று உட்காரவைத்தால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?

ஆகவே முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்: "நான் சொல்வதில் எது வெளியே போகும், யாரிடம் போகும்?" பயிற்சி பெற்ற ஆலோசகர் இதற்கு நேராகப் பதில் சொல்வார். மழுப்பினால் வேறு ஆளைத் தேடுங்கள்.

"சாக வேண்டும்போல இருக்கிறதா என்று நண்பனிடம் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம்."

இல்லை. உலக சுகாதார அமைப்பும் இதைத் தவறான நம்பிக்கை என்றே சொல்கிறது. நேரடியாகக் கேட்பது பலருக்குப் பாரத்தை இறக்கிவைக்க வழி விடுகிறது. 'ஆமாம்' என்று பதில் வந்தால் அறிவுரையை ஆரம்பிக்காதீர்கள். தனியே விடாமல் கூடவே இருந்து, உதவிக்கு ஆளிருக்கும் இடத்துக்கு அழைத்துப் போங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மறைக்கவும் வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 115-ஆவது பிரிவு.

"ஆலோசகரெல்லாம் ஐஐடி மாதிரி பெரிய இடங்களுக்குத்தான்."

100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றிலும் தகுதி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. உதவி எண்களை விடுதியிலும் வகுப்பறையிலும் பெரிய எழுத்தில் எழுதிவைக்கவும் சொல்லியிருக்கிறது.

அப்படி எழுதவேண்டிய எண்களில் ஒன்று 14416, டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவை. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். இன்று மெஸ்ஸுக்குப் போகிற வழியில் உங்கள் விடுதி நோட்டீஸ் போர்டைப் பாருங்கள். அந்த எண் இல்லையென்றால் வார்டனிடம் கேளுங்கள்.