களம்கண்ட வரலாற்றறிஞர் கோசாம்பி

நுழையும்முன்

மன்னர்கள் கல்லிலும் செப்பேட்டிலும் தம் பெயரைப் பொறித்துச் சென்றனர். எழுதிவைக்க வாய்ப்பில்லாத உழவரும் ஆயரும் வாழ்ந்த வாழ்வை எவ்வாறு அறிவது? கணிதப் பேராசிரியராக இருந்துகொண்டே இவ்வினாவிற்கு விடைதேடியவர் டி.டி. கோசாம்பி.

கணிதத்திலிருந்து வரலாற்றுக்கு

தாமோதர் தர்மானந்த கோசாம்பி 1907ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள் கோவாவில் பிறந்தார். தந்தையார் தர்மானந்த கோசாம்பி பாலிமொழிப் புலமை வாய்ந்த பௌத்த அறிஞர். அவருடன் 1918இல் அமெரிக்கா சென்ற தாமோதர், 1929இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பியபின் பனாரஸ், அலிகார் பல்கலைக்கழகங்களிலும் புனே பெர்குசன் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். பின்னர் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1962வரை பணியாற்றினார்.

வரலாற்றை அவர் கல்லூரியில் முறையாகப் பயின்றவரல்லர். புள்ளியியல் முறைகளைப் பொருத்திப் பார்க்கப் பழைய நாணயங்களை எடுத்துக்கொண்டார். அவற்றை வெளியிட்டவர் யார் என்னும் கேள்வி அவரை வடமொழி நூல்களுக்கு இட்டுச்சென்றது. அந்நூல்களோ அவை தோன்றிய சமுதாயத்தை ஆராயத் தூண்டின.

தராசு சொன்ன செய்தி

தட்சசீலத்தில் கிடைத்த புதையல்களில், முத்திரை குத்தப்பட்ட வெள்ளி நாணயங்கள் பல இருந்தன. அவற்றில் மன்னர் பெயரோ ஆண்டோ இல்லை. காலவரிசையை எப்படிக் கணிப்பது? நாணயம் கைமாறுந்தோறும் சிறிதளவு தேய்கிறது. ஆகவே, ஒரே எடையில் அச்சிடப்பட்டு ஒரே புதையலில் கிடைத்தவற்றுள், நெடுங்காலம் புழங்கிய தொகுதியின் சராசரி எடை குறைந்திருக்கும். ஒற்றை நாணயம் ஏமாற்றலாம். ஒரு தொகுதியின் சராசரி எளிதில் ஏமாற்றாது. கோசாம்பி நாணயங்களை ஒவ்வொன்றாக நிறுத்துக் கணக்கிட்டார். நாணயங்களின் பின்புறத்தில் சிறுமுத்திரைகள் பெருகப்பெருக எடை குறைவதையும் கண்டார். ஆண்டு பொறிக்கப்பட்ட, தம் காலத்தில் புழங்கிய நாணயங்களையும் நிறுத்துத் தம் முறையைச் சோதித்தார்.

காலடியில் வரலாறு

ஏட்டறிவோடு கோசாம்பி நின்றுவிடவில்லை. புனேயைச் சூழ்ந்த குன்றுகளிலும் ஆயர்கள் நடந்த தடங்களிலும் அலைந்தார். கூரையற்ற தாய்த்தெய்வக் கோயில்கள் சிலவற்றின் அருகே கற்கால மக்களின் நுண்கற்கருவிகளைக் கண்டெடுத்தார். பழைய பாதைகள் கூடிய இடங்களிலேயே இத்தெய்வங்கள் நிலைபெற்றன என்றும், அப்பாதைகளே பிற்கால வணிகவழிகளாக வளர்ந்தன என்றும் அவர் கருதினார். கார்லே குகையில் வணிகர்கள் அளித்த கொடைகளைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அக்குகையின் வாயிலருகே உள்ள ஏகவீரா தேவியைக் கோலி மீனவர்கள் இன்றும் வழிபடுகின்றனர். ஏட்டில் இடம்பெறாதோரின் வரலாறு, வாழும் வழக்கங்களில் எஞ்சியிருக்கும் என்பதே கோசாம்பியின் துணிபு.

ஆண்டவர் யார் என்பதைவிட, மக்கள் கலப்பை கொண்டு உழுதனரா என்னும் வினாவே அவருக்கு முதன்மையானது. உணவை விளைவிக்கும் முறை மாறும்போது சமுதாய உறவுகளும் மாறுகின்றன என்னும் பார்வையில் 1956இல் 'இந்திய வரலாற்று ஆய்வுக்கு ஓர் அறிமுகம்' என்னும் பொருள்படும் ஆங்கில நூலை எழுதினார். கோசாம்பி 1966 சூன் 29இல் மறைந்தார். அவருடைய முடிவுகள் சிலவற்றைப் பிற்கால அறிஞர்கள் மறுத்துள்ளனர். எனினும் சான்றை நேரில் கண்டு, அளந்து, சோதித்து எழுதும் நெறியை அவர் வரலாற்றுத்துறைக்கு வழங்கிச் சென்றார்.

தெரிந்து தெளிவோம்

கோசாம்பி, பர்த்ருஹரியின் பாடல்களைக் கையெழுத்துப் படிகள் பலவற்றோடு ஒப்பிட்டு 1948இல் பதிப்பித்தார். மரபியலில் இன்றும் பயன்படும் ஒரு கணிதச் சார்பு, அவர் பெயராலேயே வழங்குகிறது.

கற்பவை கற்றபின்

1. நாணயத்தின் தேய்மானம் காலத்தைக் கணிக்க எவ்வாறு உதவியது? விளக்குக.
2. உங்கள் ஊரில் பாதைகள் கூடும் இடத்திலுள்ள வழிபாட்டிடம் ஒன்றைக் கண்டு, முதியோரிடம் கேட்டறிந்த செய்திகளைத் தொகுத்து எழுதுக.