விசா இல்லாத எல்லையும் கதவு இல்லாத எல்லையும்

‘ஐரோப்பாவைப் போல மலேசியாவும் சிங்கப்பூரும் எல்லையைத் திறந்துவிட்டால் என்ன?’ ஜொகூர் கடற்பாலத்து நெரிசலில் மணிக்கணக்கில் காத்திருந்த பலருக்கும் இக்கேள்வி எழுந்திருக்கும். இதற்கு விடை காண, முதலில் இரண்டு கருத்துகளைப் பிரித்தறிய வேண்டும். விசாவற்ற பயணம் என்பது வேறு. திறந்த எல்லை என்பது வேறு.

விசாவற்ற பயணம்

விசா என்பது முன் அனுமதி. அது தேவையில்லை என்றால், கேட்காமல் வாசல்வரை வரலாம் என்பதே பொருள். வாசலில் காவலர் இருப்பார், கடப்பிதழைப் பார்ப்பார், வேண்டாம் என்றால் திருப்பியும் அனுப்புவார். ஜொகூர் கடற்பாலம் இவ்வகையைச் சேர்ந்தது. 1924இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட அப்பாலத்தில், இரு நாடுகளும் பிரிந்தபின் 1967இல் கடப்பிதழ்ச் சோதனை வந்தது. 2024 மார்ச் முதல் காரில் சிங்கப்பூருக்குள் நுழைவோர் கடப்பிதழுக்குப் பதில் கியூஆர் குறியீட்டைக் காட்டலாம். சோதனை எளிதாயிற்று, ஒழியவில்லை.

திறந்த எல்லை: இரு வகை

முதல் வகைக்கு ஷெங்கன் எடுத்துக்காட்டு. லக்சம்பர்க் நாட்டின் ஷெங்கன் என்னும் சிற்றூரில் 1985 ஜூன் 14ஆம் நாள் ஐந்து நாடுகள் உடன்பாடு செய்தன. 1995 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. இன்று 29 நாடுகள் அதில் உள்ளன. உள்ளே வேலி இல்லை. ஆனால் வெளியே எல்லாருக்கும் பொதுவான ஒரே வேலி உண்டு. குறுகிய காலப் பயணத்துக்கான விசாவும் ஒன்றே.

சுற்றுலா செல்லும் மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. மலேசிய, சிங்கப்பூர்க் குடிமக்கள் எந்த 180 நாள்களிலும் 90 நாள்கள் விசாவின்றி அங்குத் தங்கலாம். இது ஒரு நாட்டுக்கு 90 நாள் அன்று. 29 நாடுகளுக்கும் சேர்த்தே 90 நாள். பிரான்சில் 60 நாள் தங்கி, அப்படியே ஜெர்மனியில் 60 நாள் தங்குபவர் எந்த எல்லையிலும் தடுக்கப்படாமலேயே 30 நாள் சட்டத்தை மீறியவர் ஆகிறார்.

இரண்டாம் வகை இந்திய-நேபாள எல்லை. 1950 ஜூலை 31ஆம் நாள் கையெழுத்தான உடன்படிக்கையின்படி இரு நாட்டு மக்களும் தடையின்றிச் சென்று தங்கவும் தொழில் செய்யவும் முடிகிறது. ஆனால் இங்குப் பொது வேலி இல்லை. உரிமை அவ்விரு நாட்டவருக்கு மட்டுமே. நம்மைப் போன்ற மூன்றாம் நாட்டவர் சுனௌலியில் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே எல்லையைக் கடந்துவிட முடியும். யாரும் நிறுத்தாமலும் போகலாம். எனினும் குடிநுழைவு அலுவலகத்தைத் தேடிச் சென்று முத்திரை பெறுவது நம் கடமை. முத்திரையின்றிச் சென்றவருக்குத் தொல்லை பின்னர் வந்து சேரும்.

நமக்கு ஏன் இயலவில்லை?

2023 டிசம்பர் 1 முதல் மலேசியா இந்தியக் குடிமக்களை 30 நாள்களுக்கு விசாவின்றி அனுமதிக்கிறது. சிங்கப்பூருக்கு அவர்கள் விசா பெற்றே வரவேண்டும். கடற்பாலத்தில் சோதனையை எடுத்துவிட்டால், கோலாலம்பூரில் இறங்கியவர் நேரே சிங்கப்பூருக்குள் வந்துவிடலாம். அப்போது சிங்கப்பூரின் விசா விதி ஏட்டில் மட்டுமே இருக்கும். ஆகவே எல்லையைத் திறப்பதென்றால், யாரை உள்ளே விடுவது என்ற முடிவையே அண்டை நாட்டோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஷெங்கன் நாடுகள் கொடுத்த விலை அதுதான்.

அந்த ஏற்பாடும் நிலையானதன்று. அகதிகள் பெருமளவில் வந்த 2015இல் பல ஐரோப்பிய நாடுகள் உள் எல்லைச் சோதனையை மீண்டும் தொடங்கின. நம் பாலமும் 2020 மார்ச் 18 முதல் பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளால் முடங்கியது. அன்றாடம் வேலைக்குச் சென்றுவந்தவர்கள் மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து வாழ நேர்ந்தது. விசா தேவையில்லை என்ற சலுகை அன்று அவர்களுக்கு உதவவில்லை.

எனவே அடுத்த முறை பாலத்தில் காத்திருக்கும்போது, ‘விசாதான் இல்லையே, பிறகேன் சோதனை?’ என்று கேட்பதில் பயனில்லை. ‘நம் வாசலுக்கு அண்டை வீட்டாரைக் காவல் வைக்க நாம் ஆயத்தமா?’ என்பதே சரியான கேள்வி. அதற்கு ஆம் என்று இரு நாடுகளும் சொல்லும்வரை, வரிசையைச் சுருக்கலாம், நீக்க முடியாது.