டயரின் அகலமும் ரிம்மின் அகலமும்

மோட்டார் வண்டிக்கு அகன்ற டயர் பூட்டினாற் போதும், அது சாலையை இறுகப் பற்றும் என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். டயர் அமரும் ரிம் எத்துணை அகலமுடையது என்று வினவுவார் சிலரே.

205/55 ஆர் 16 என்னும் குறியுள்ள டயரை எடுத்துக்கொள்வோம். 205 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 16 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். இதற்கு 5.5 முதல் 7.5 அங்குலம் வரை அகலமுள்ள ரிம் பொருந்தும். ரிம் அரை அங்குலம் குறுகின், டயரும் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் குறுகும். ஆகவே விலை கொடுத்து வாங்கிய அகலமும் முழுமையாகக் கிட்டுவதில்லை.

அஃதொன்றே குறையாயின் பொறுக்கலாம். மிகக் குறுகிய ரிம்மில் அமர்ந்த டயர், வாயை இறுக்கிக் கட்டிய கோணிமூட்டை போலப் பக்கங்களிற் புடைத்து நிற்கும். ஓட்டுவோர் ஸ்டியரிங்கைத் திருப்புங்கால் அப்பக்கச்சுவர்கள் முதலில் நெளியும். பின்னரே வண்டி திரும்பும். மெல்லச் செல்கையில் இத்தாமதம் புலப்படாது. விரைந்து செல்கையில், வளைவில் எதிரே ஒரு லாரி தோன்றுமாயின், அக்கணமே உயிருக்கு உலையாகலாம்.

அகன்ற ரிம்மிலோ பக்கச்சுவர் நிமிர்ந்து நிற்றலின் வண்டி உடனே திரும்பும். ஆயின் குழிகளின் அதிர்ச்சி உள்ளிருப்போரை மிகுதியும் வருத்தும். அளவு கடந்து அகன்ற ரிம்மில், காற்றுங் குறைந்திருப்பின், கடுந்திருப்பத்தில் டயரின் ஓரம் ரிம்மை விட்டு நழுவவுங்கூடும்.

ரிம்மின் அகலம் பெரும்பாலும் அதன்மேலேயே 6.5 ஜே என்பதுபோற் பொறிக்கப்பட்டிருக்கும்.