மரணத்திற்கு என்ன பெயர் எழுதினார்கள்?



ஒரு கிராமத்தில் ஆண்டுக்கு எத்தனை பேர் மரித்தார்கள் என்று எண்ணிவிடலாம். எதனால் மரித்தார்கள் என்று சொல்வது கடினம். மருத்துவ ஊழியத்தைத் தாங்கிவரும் நாம் இதை அறிந்திருப்பது நல்லது. வியாதிக்கு இடப்படும் பெயர் தவறானால் வைத்தியமும் தவறிப்போகும். பழியும் குற்றமற்றவர் தலைமேல் விழும். இதை விளக்க, 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் தென்மாநிலக் கிராமங்களில் எழுதப்பட்ட இறப்புப் பதிவேடுகளை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வோம்.

1850-ஆம் ஆண்டுப் பதிவேடு

அமெரிக்க அரசு 1850-ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில், மரித்தவர்களுக்கென்று முதன்முறையாக ஒரு தனிப் படிவம் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு ஜூன் 1-ஆம் தேதிக்கு முந்திய 12 மாதங்களில் வீட்டில் யாராவது மரித்தார்களா என்று கேட்டு, பெயர், வயது, பிறந்த இடம், தொழில், மரித்த மாதம், வியாதியாயிருந்த நாட்கள், மரணத்தின் காரணம் ஆகியவற்றை எழுதினார்கள். சுதந்திரரா, அடிமையா என்பதற்கும் ஒரு கட்டம் இருந்தது. 1860, 1870, 1880 ஆகிய ஆண்டுகளிலும் இவ்வாறே செய்யப்பட்டது.

எழுதியவர் மருத்துவர் அல்ல. வீடு வீடாகச் சென்ற கணக்கெடுப்பாளர், வீட்டுத் தலைவனோ தோட்ட உரிமையாளனோ சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி போன்ற பருத்தி விளையும் மாநிலங்களின் உட்கிராமங்களில் மருத்துவர் பல மைல் தொலைவில் இருந்தார். அநேகர் அவர் முகத்தைக் காணாமலே மரித்தார்கள். மாதங்கள் கடந்தபின் கேட்டதால் மறந்துபோன மரணங்களும் உண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே ஆண்டில் உயிரோடிருந்த அடிமைகளின் பட்டியலில் பெரும்பாலும் அவர்கள் பெயர் இல்லை. உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டுமே எழுதப்பட்டன. மரித்தோர் பட்டியலிலோ பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. ஆகவே அநேக அடிமைகளின் பெயர் அரசாங்கத்தின் கணக்கில் ஏறியது அவர்கள் மரித்த பிறகுதான்.

பாலகர்களின் மரணம்

இந்தப் பதிவேடுகளைப் புரட்டினால், ஐந்து வயதை எட்டாத பிள்ளைகளின் வரிகளே நெஞ்சை உருக்கும். காரணம் என்ற கட்டத்தில் “பல் முளைத்தல்”, “பூச்சி”, “ஜன்னி”, “கக்குவான் இருமல்”, “சீதபேதி” என்று மாறி மாறி எழுதியிருக்கும்.

பல் முளைப்பதால் பிள்ளை சாகுமா? சாகாது. ஆனால் பல் முளைக்கும் பருவத்தில்தான் பிள்ளை தாய்ப்பால் குறைந்து, தண்ணீரும் பிற உணவும் எடுக்கத் தொடங்குகிறது. கிணற்று நீர் அசுத்தம், உணவில் ஈக்கள், கோடையின் வெப்பம். வயிற்றுப்போக்கு கண்டு பிள்ளை வாடிப்போகும். தாயின் கண்ணுக்குப் பல் தெரிந்தது, கிருமி தெரியவில்லை. எனவே ஈற்றைக் கத்தியால் கீறினார்கள். பாதரசம் கலந்த கலோமெல் என்னும் பேதி மருந்தையும் கொடுத்தார்கள். நீர் வற்றிச் சாகும் பிள்ளைக்குப் பேதி மருந்து! உப்பும் சர்க்கரையும் கலந்த நீரே அந்த உயிரைக் காக்கும் என்பதை உலகம் பரவலாக அறிந்தது 1970-களில்தான்.

பிறந்து ஒன்பது நாட்களுக்குள் தாடை இறுகி மரித்த சிசுக்களும் அநேகர். இதை “ஒன்பதாம் நாள் ஜன்னி” என்றே அழைத்தார்கள். அலபாமாவில் பேர்பெற்ற மருத்துவராயிருந்த மரியன் சிம்ஸ், சிசுவின் மண்டையெலும்பு இடம் பெயர்வதே இதற்குக் காரணம் என்று 1846-ல் எழுதினார். உண்மைக் காரணம், தொப்புள்கொடியை அறுத்த இடத்தின் வழியே நுழைந்த டெட்டனஸ் கிருமி. அது 1884-ல்தான் கண்டறியப்பட்டது. சுத்தமான பிளேடு, சுத்தமான கை, கர்ப்பிணிக்குத் தடுப்பூசி ஆகியவை இந்த மரணத்தை ஏறக்குறைய ஒழித்துவிட்டன. நம் இந்தியாவிலும் தாய்க்கும் சிசுவுக்கும் வரும் டெட்டனஸ் ஒழிக்கப்பட்டதை உலக சுகாதார நிறுவனம் 2015-ல் உறுதி செய்தது.

காய்ச்சலின் மாதங்கள்

பெரியவர்களின் வரிகளில் மரித்த மாதத்தைப் பார்ப்பது பயனுள்ளது. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை “பித்தக் காய்ச்சல்”, “குளிர்க்காய்ச்சல்” என்ற பெயர்கள் பெருகும். சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றே காரணம் என்று நம்பினார்கள். தென் கரோலினாவின் நெல்வயல் பகுதிகளில் செல்வந்தர்கள் அந்த மாதங்களில் நகரங்களுக்குச் சென்றுவிடுவார்கள். அடிமைகள் தேங்கிய நீரில் நின்று வேலை செய்தார்கள்.

இவற்றுள் பெரும்பங்கு மலேரியா. 1820-லேயே குயினைன் பிரித்தெடுக்கப்பட்டிருந்தும், வாங்க வசதியுள்ளவர்களுக்கே அது தாராளமாகக் கிடைத்தது. மலேரியாக் கிருமியை லாவெரான் 1880-ல் அல்ஜீரியாவில் கண்டார். அது கொசுவின் வயிற்றில் வளர்வதை ரொனால்டு ராஸ் 1897 ஆகஸ்ட் 20 அன்று நம் நாட்டுச் செகந்தராபாத்தில் கண்டார். கெட்ட காற்று என்று சொன்ன காலமெல்லாம் ஜன்னலைச் சாத்தினார்கள், கொசுவைத் தேடவில்லை.

குளிர்காலத்தில் நிமோனியா, எல்லாப் பருவத்திலும் எலும்புருக்கி என்ற காசநோய், இளம் தாய்மாருக்குப் பிரசவக் காய்ச்சல், திறந்த கணப்பில் ஆடை பற்றித் தீக்காயம் என்று பட்டியல் நீளும். பிரசவக் காய்ச்சலை ஒருவர் கையிலிருந்து மற்றவருக்குக் கடத்துகிறோம் என்று பாஸ்டனில் ஹோம்ஸ் 1843-லும், வியன்னாவில் செம்மல்வைஸ் 1847-லும் எச்சரித்திருந்தார்கள். கைகழுவும் அந்த எளிய பாடம் கிராமங்களை எட்டப் பல பத்தாண்டுகள் ஆயின.

பழிசுமத்திய சொற்கள்

இரண்டு சொற்கள் நம்மை அதிகமாகச் சிந்திக்க வைக்கின்றன.

முதலாவது, “மூச்சுத்திணறடிக்கப்பட்டது”. அடிமைத் தாய்மாரின் சிசுக்களுக்கே இச்சொல் அதிகமாக எழுதப்பட்டது. தாய் உறக்கத்தில் பிள்ளைமேல் புரண்டுவிட்டாள் என்பது பொருள். கவனமற்றவள் என்ற பழி அவள்மேல் விழுந்தது. பிற்கால வரலாற்றாசிரியர்கள் இப்பதிவுகளை ஆராய்ந்து, இவற்றில் பல காரணம் புலப்படாத திடீர் சிசு மரணங்களாக இருக்கக்கூடும் என்று காட்டினார்கள். கர்ப்பத்தின் கடைசி வாரங்கள் வரை தாய் வயலில் உழைத்தாள். பிள்ளை எடை குறைந்து பிறந்தது. சில வாரங்களில் அவள் மீண்டும் வயலுக்கு அனுப்பப்பட்டாள். அடிமைகளின் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் ஐந்து வயதுக்குள் மரித்தார்கள் என்று மதிப்பிடப்படுகிறது. ஆனால் “அதிக வேலை” என்றோ “பட்டினி” என்றோ எழுத, பதில் சொன்ன எஜமான் இடம் கொடுத்திருப்பானா?

இரண்டாவது, “மண் தின்னல்”. இது அடிமைகளின் இயல்பான கெட்ட பழக்கம் என்று கருதி, சில இடங்களில் வாய்க்கு மூடி போட்டுப் பூட்டினார்கள். இரத்தசோகை உள்ளவர்களுக்கு மண்மீது இச்சை எழுவதை இன்று நம் கிராமங்களிலும் காண்கிறோம். அந்த இரத்தசோகைக்கு ஒரு பெரும் காரணம் கொக்கிப்புழு.

மாற்றம் வந்த விதம்

தென்மாநில ஏழைகள், கறுப்பரானாலும் வெள்ளையரானாலும், சோம்பேறிகள் என்று பெயர் பெற்றிருந்தார்கள். 1902-ல் சார்லஸ் ஸ்டைல்ஸ் என்ற விஞ்ஞானி, அவர்கள் இரத்தத்தைக் குடிப்பது கொக்கிப்புழு என்று காட்டினார். வெறுங்காலின் தோல் வழியே அது உடலில் ஏறுகிறது. 1909-ல் ராக்பெல்லர் பத்து லட்சம் டாலர் கொடுக்க, 1914 வரை 11 மாநிலங்களில் பணி நடந்தது. சோதிக்கப்பட்ட பள்ளிப் பிள்ளைகளில் சுமார் 40 சதவீதத்தினரிடம் புழு இருந்தது. கிராமத்தார் குடும்பம் குடும்பமாக வந்து மருந்து பெற்றார்கள். வெளிறிய முகங்களில் இரத்தம் ஊறியது.

ஆயினும் கழிப்பறை கட்டப்படாத இடங்களில் புழு திரும்பி வந்தது. ஒருநாள் மருந்து அன்றைய புழுவை வெளியேற்றியது. மண் அசுத்தமாயிருந்தவரை அடுத்த புழு காலடியில் காத்திருந்தது.

நமக்குரிய பாடம்

அன்பானவர்களே, அந்தப் பதிவேட்டில் சிலருக்குக் காரணம் “தேவ செயல்” என்றும் எழுதியிருந்தார்கள். துக்கத்தில் இருப்போர் அப்படி ஆறுதல் அடைவதை நாம் குறை சொல்லக்கூடாது. ஆனால் அசுத்தக் கிணற்றுக்கும் எஜமானின் கொடுமைக்கும் தேவன்மேல் பொறுப்புச் சுமத்துவது பக்தியாகாது. உண்மையான காரணத்தைத் தேடுவது மரித்தவருக்குச் செய்யும் மரியாதை. உயிரோடிருக்கும் பிள்ளைக்குச் செய்யும் உதவி.

ஒரு படுக்கைக்கும் ஒரு மருந்துக்கும் கொடுப்பது நமக்கு எளிதாயிருக்கிறது. இரத்தப் பரிசோதனைக் கூடம், சுத்தமான கிணறு, பயிற்சி பெற்ற தாதி, ஒழுங்காக எழுதப்படும் ஒரு பதிவேடு ஆகியவை புகைப்படத்தில் அழகாகத் தெரியாது. ஆனாலும் “பல் முளைத்தல்” என்ற பொய்க் காரணத்தை உலகத்திலிருந்து துடைத்தவை அவைகளே.

குழுவாகச் சிந்திக்க:

1. நம் ஊரில் ஒரு பிள்ளை மரித்தால், “காய்ச்சல்” என்று சொல்வதோடு நிறுத்திவிடுகிறோமா? மேலும் விசாரிக்கிறோமா?

2. வியாதியஸ்தரையோ தாயையோ குற்றப்படுத்தும் எந்தச் சொற்கள் இன்றும் நம் வாயில் இருக்கின்றன?

3. மருந்துக்குக் கொடுக்கும் அதே மனதோடு, வியாதி வராமல் தடுக்கும் வேலைக்கும் கொடுக்கிறோமா?