இது குழந்தைச் சண்டை இல்லை

நம்பிக்கை: "சின்னப் பசங்க சண்டை சார், நாளைக்கே பழம் விட்டுக்குவாங்க. பெரியவங்க நடுவுல போகக் கூடாது."

ஆரணியில் பள்ளி வாசலிலும் கேட்கிறேன், தறிக்கூடத்திலும் கேட்கிறேன். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இருவர் கா விட்டு மறுநாள் பழம் விடுவது சண்டை. அதில் நாம் நுழைய வேண்டாம். நான்கு பேர் சேர்ந்து ஒரே பிள்ளையிடம் தினமும் கா விட்டால், அந்தப் பிள்ளை யாரிடம் போய்ப் பழம் விடும்? வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப, பலம் குறைந்தவர்மேல் நடப்பது கொடுமை என்று நார்வே உளவியலாளர் டான் ஓல்வேயஸ் எப்போதோ வகுத்துவிட்டார். வீட்டில் சௌராஷ்டிரமோ உருதுவோ பேசும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு தமிழ்ச் சொல்லில் தடுமாறுகிறது. அதையே பட்டப்பெயராக்கி மாதக்கணக்கில் கூப்பிடுவது விளையாட்டா?

தானாகச் சரியாகிவிடும் என்பதும் பொய். டொராண்டோ தொடக்கப் பள்ளி மைதானங்களில் படம்பிடித்து ஆராய்ந்ததை 2001-ல் வெளியிட்டார்கள். கொடுமை நடந்த தருணங்களில் 88 சதவீதத்தில் மற்றப் பிள்ளைகள் பக்கத்திலேயே இருந்தார்கள். குறுக்கே போனது 19 சதவீதத்தில்தான். அப்படிப் போனபோதோ, பாதிக்கு மேல் பத்தே விநாடிக்குள் அடங்கிவிட்டது. ஆகவே வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்குத்தான் முதலில் பாடம் வேண்டும்: "வா, எங்ககூட விளையாடு" என்று அந்தப் பிள்ளையைக் கூட்டிப் போ, பிறகு டீச்சரிடம் சொல். பின்லாந்துப் பள்ளிகளின் கிவா கொடுமைத் தடுப்புத் திட்டமும் வேடிக்கை பார்ப்பவர்களைத்தான் திருத்துகிறது.

கண்டுகொள்ளாமல் விட்டால் எதுவரை போகும் என்பதை நாங்குநேரியில் பார்த்தோம். சக மாணவர்களின் சாதித் தொல்லையைப் பற்றிப் புகார் செய்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை 2023 ஆகஸ்டில் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. அதன்பின் பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024-ல் அறிக்கை தந்தது. சாதி வன்மத்தைப் பன்னிரண்டாம் வகுப்பில் போய்த் தேடினால் எப்படி? தடுப்பதை ஒன்றாம் வகுப்பிலேயே ஆரம்பியுங்கள்.

இன்னும் சில நம்பிக்கைகள். "திருப்பி அடிச்சிட்டு வா": அந்தப் பலம் இருந்தால் அந்தப் பிள்ளையைச் சீண்டியே இருக்க மாட்டார்கள்.

"பொம்பளப் பிள்ளைங்ககிட்ட இதெல்லாம் இல்ல": அங்கே ஒதுக்கிவைப்பார்கள். காயம் வெளியே தெரியாது.

"பெற்றோரைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க": கூலிக்கு நெய்கிறவர் தறியை நிறுத்தினால் அன்றைய வருமானம் போச்சு. பள்ளியே விசாரித்து முடிக்க வேண்டும். புகார் சொன்ன பிள்ளையின் பெயர் வெளியே வரவே கூடாது.

கொடுமையைத் தடுக்கப் பிள்ளைகளிடையே நட்பு வேண்டும். அது நீதிபோதனை வகுப்பில் வளராது, மைதானத்தில்தான் வளரும். அந்த விளையாட்டு பீரியடைத்தான் கணக்குப் பாடம் பிடுங்கிக்கொள்கிறது! ஆடும்போதும் பெரிய பையன்கள் இருவரை ஆள் பிரிக்க விட்டால், யாரும் கூப்பிடாத ஒரு பிள்ளை கடைசியில் தனியாக நிற்கும். தலைமை ஆசிரியர்களே, விளையாட்டு பீரியடைத் தொடாதீர்கள். அணியை ஆசிரியர் பிரிக்கட்டும். பெற்றோர்களே, பள்ளி காது கொடுக்காவிட்டால் கல்வி உதவி எண் 14417 அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள்.