திகில், மர்மத் திரைப்படங்கள்: முக்கியக் குறிப்புகள்
(காக்கநாடு – மட்டாஞ்சேரி – திருப்பூணித்துறை வட்டாரம்)

வரையறைகள்

• திகில் படம்: அச்ச உணர்வை எழுப்புவதே முதல் நோக்கம். பேய், ஆவி, சாத்தான், யட்சி ஆகியவை கதைக்குள் உண்மை.
• உளவியல் திகில்: அச்சத்தின் இருப்பிடம் மனம். பேய் போலத் தோன்றுவது மனநோய் அல்லது பிரமை.
• மர்மப் படம்: மறைக்கப்பட்ட உண்மை ஒன்று, அதைத் தேடும் ஒருவர். பேய் தேவையில்லை.
• யட்சி: கேரள நாட்டார் மரபில் அழகிய பெண் வடிவில் வந்து உயிர் குடிப்பவள். இருப்பிடம் பனை, பாலை மரங்கள்.
• குட்டிச்சாத்தான்: மந்திரவாதிக்குக் கட்டுப்பட்ட குட்டித் தெய்வம். விடுதலைக்காக ஏங்கும் அடிமை என்பதே கதைகளில் அதன் சாரம்.
• திப்புக்: யூத நாட்டார் நம்பிக்கை. உயிரோடிருப்பவர் உடலில் புகும், இறந்தவரின் அலையும் ஆவி.
• கேரளத் தொன்மக் கதைகளின் பெருந்தொகுப்பு: ‘ஐதீகமாலை’. தொகுத்தவர் கொட்டாரத்தில் சங்குண்ணி. எட்டுப் பாகங்கள். வெளிவரத் தொடங்கிய ஆண்டு 1909. யட்சியும் கடமற்றத்துக் கத்தனாரும் திரைக்கு வந்த வழி இதுவே.
• கடமற்றம்: எர்ணாகுளம் மாவட்டம். யட்சியை அடக்கியதாகச் சொல்லப்படும் கிறித்தவப் பாதிரியார் கத்தனாரின் ஊர்.

காக்கநாடு: நவோதயா ஸ்டுடியோ

• காக்கநாடு: எர்ணாகுளம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் இருப்பிடம். திருக்காக்கரை நகராட்சிப் பகுதி. இன்ஃபோபார்க் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இங்கே. தகவல் தொழில்நுட்பத்துக்கு முன்பே ஊருக்குப் பெயர் தந்தது சினிமா.
• நவோதயா ஸ்டுடியோ: தொடக்கம் 1976. நிறுவனர் நவோதயா அப்பச்சன். இயற்பெயர் மாளியம்புரைக்கல் சாக்கோ புன்னூஸ்.
• அப்பச்சனின் அண்ணன்: குஞ்சாக்கோ, ஆலப்புழை உதயா ஸ்டுடியோ நிறுவனர். உதயாவின் தொடக்கம் 1947. குஞ்சாக்கோவின் பேரன் நடிகர் குஞ்சாக்கோ போபன்.
• அப்பச்சனுக்கு ஜே. சி. டேனியல் விருது: 2010. மறைவு: 2012 ஏப்ரல் 23.
• நவோதயாவின் ‘முதல்’கள்:
– மலையாளத்தின் முதல் சினிமாஸ்கோப் படம்: ‘தச்சோளி அம்பு’ (1978).
– முழுப் பணியும் இந்தியாவிலேயே முடிந்த முதல் 70 மி.மீ. படம்: ‘படையோட்டம்’ (1982). இயக்கம் ஜிஜோ புன்னூஸ், அப்பச்சனின் மகன். மூலக்கதை அலெக்சாண்டர் டூமாவின் ‘மாண்டி கிறிஸ்டோ கோமகன்’.
– இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம்: ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ (1984).
– இயக்குநராக ஃபாசிலின் முதல் படம், மோகன்லாலின் திரைக்கு வந்த முதல் படம்: ‘மஞ்ஞில் விரிஞ்ஞ பூக்கள்’ (1980 டிசம்பர் 25). மோகன்லாலுக்கு வில்லன் வேடம்.

மை டியர் குட்டிச்சாத்தான் (1984)

• வெளியீடு: 1984 ஆகஸ்ட் 24. இயக்கம்: ஜிஜோ புன்னூஸ். தயாரிப்பு: நவோதயா அப்பச்சன்.
• திரைக்கதை: ரகுநாத் பலேரி. ஒளிப்பதிவு: அசோக்குமார். இசை: இளையராஜா.
• குட்டிச்சாத்தானாக: எம். டி. ராமநாத். மந்திரவாதியாக: கொட்டாரக்கரை ஸ்ரீதரன் நாயர்.
• கதை ஒரே வரியில்: மந்திரவாதியிடம் சிக்கிய சாத்தானை மீட்கும் குழந்தைகள். பேயைக் கண்டு ஓடுவதற்குப் பதில் பேயோடு நட்பு. வகைமையைப் புரட்டிப் போட்டது இந்த ஒரு முடிவு.
• முப்பரிமாண முறை: ஒரே 35 மி.மீ. பிலிம் சட்டத்தில் மேலும் கீழுமாக இரு பிம்பங்கள், இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று. திரையிடலில் முனைவாக்கப்பட்ட ஒளி. பார்வையாளருக்கு முனைவாக்கக் கண்ணாடி.
• வெள்ளித்திரை கட்டாயம். காரணம்: சாதாரண வெள்ளைத் திரையில் பட்டுத் திரும்பும் ஒளி முனைவாக்கத்தை இழக்கும், இரு பிம்பங்களும் கலங்கும். உலோகப் பூச்சுத் திரையில் முனைவாக்கம் அப்படியே திரும்பும்.
• குழந்தைகள் சுவரிலும் கூரையிலும் நடக்கும் பாடல் காட்சி: சுழலும் அறை. அறையோடு பொருத்தப்பட்ட கேமராவும் சேர்ந்து சுழல்வதால் தரை எது, கூரை எது என்ற வேறுபாடு மறையும். கணினி வரைகலை இல்லாத காலம். முழுவதும் இரும்பும் மரமும் செய்த வித்தை. இந்தியத் தந்திரக் காட்சிகளில் இதற்கு இணை குறைவு.
• வெளியீட்டின்போது எழுந்த வதந்தி: கண்ணாடி மூலம் ‘மெட்ராஸ் ஐ’ பரவுகிறது. பதில்: கண்ணாடிகள் சுத்தம் செய்யப்படுவதை விளக்கும் அறிமுகக் காட்சி. தோன்றியோர் பிரேம் நசீர், அமிதாப் பச்சன், ரஜினிகாந்த் உள்ளிட்டோர்.
• இந்தி வடிவம்: ‘சோட்டா சேத்தன்’ (1998). பின்னாளில் தமிழில் ‘சுட்டிச் சாத்தான்’.
• தமிழின் முதல் முப்பரிமாணப் படம்: ‘அன்னை பூமி’ (1985). நாயகன் விஜயகாந்த். ‘இந்தியாவின் முதல்’, ‘தமிழின் முதல்’ குழப்பம் மிகுதி.
• அப்பச்சன் பின்னர் அமைத்த கேளிக்கைப் பூங்கா: கிஷ்கிந்தா, தாம்பரம், சென்னை.

பரோஸ் (2024)

• வெளியீடு: 2024 டிசம்பர் 25. மோகன்லால் இயக்கிய முதல் படம். முப்பரிமாணம்.
• மூலம்: ஜிஜோ புன்னூஸின் கதை. வாஸ்கோ ட காமாவின் புதையலைக் காக்கும் பூதம்.
• ஒளிப்பதிவு: சந்தோஷ் சிவன். தொடக்க பூஜை: 2021 மார்ச், காக்கநாடு நவோதயா ஸ்டுடியோ.
• நடிகராக முதல் படம் 1980 டிசம்பர் 25, இயக்குநராக முதல் படம் 2024 டிசம்பர் 25. இடைவெளி 44 ஆண்டுகள், ஒரே தேதி, ஒரே ஸ்டுடியோவின் தொடர்பு.

பார்கவி நிலையம் (1964)

• மலையாளப் பேய்ப்படங்களின் மூலக்கல். கதை, திரைக்கதை: வைக்கம் முகம்மது பஷீர். மூலச் சிறுகதை ‘நீலவெளிச்சம்’.
• இயக்கம்: ஏ. வின்சென்ட். இயக்குநராக முதல் படம். அதற்கு முன் ஒளிப்பதிவாளர்.
• தயாரிப்பு: டி. கே. பரீக்குட்டி, சந்திரதாரா பிக்சர்ஸ். கொச்சிக்காரர். ‘நீலக்குயில்’ (1954) தயாரிப்பாளரும் இவரே; அதன் ஒளிப்பதிவு வின்சென்ட்.
• இசை: எம். எஸ். பாபுராஜ். பாடல்கள்: பி. பாஸ்கரன். நடிப்பு: மது, பிரேம் நசீர், விஜயநிர்மலா, பி. ஜே. ஆன்டனி.
• நடிகர் பத்மதளாக்ஷன் ‘குதிரவட்டம் பப்பு’ ஆனது இப்படத்தின் பாத்திரப் பெயரால். 1993இல் ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தில் காட்டுப்பறம்பனாக நடித்தவரும் இவரே.
• கதைக்களம்: பேய் வீடென்று ஊர் ஒதுக்கிய வீட்டில் குடியேறும் எழுத்தாளர், அங்குள்ள ஆவியோடு பேச்சு. பயத்தை விட இரக்கம் மேலோங்கிய பேய்க்கதை. பஷீரால் மட்டுமே இயன்றது.
• தமிழ்த் தொடர்பு: ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963). மறுபிறவிக் கதை. ஒளிப்பதிவு வின்சென்ட். நிழலும் புகையும் நிறைந்த அந்தக் கறுப்பு வெள்ளைக் கண்ணே அடுத்த ஆண்டு பார்கவி நிலையத்துக்குச் சென்றது.
• மறு ஆக்கம்: ‘நீலவெளிச்சம்’ (2023 ஏப்ரல் 20). இயக்கம் ஆஷிக் அபு. நடிப்பு டொவினோ தாமஸ், ரீமா கல்லிங்கல், ரோஷன் மேத்யூ.

இடைக்காலம் (சுருக்கம்)

• ‘யக்ஷி’ (1968): இயக்கம் கே. எஸ். சேதுமாதவன். மூலம் மலையாற்றூர் ராமகிருஷ்ணனின் நாவல். சத்யன், சாரதா. மலையாள உளவியல் திகிலின் முன்னோடி.
• ‘லிசா’ (1978): இயக்கம் பேபி. சீமா, பிரேம் நசீர், ஜெயன்.
• ‘தேவதூதன்’ (2000): இயக்கம் சிபி மலையில். எழுத்து ரகுநாத் பலேரி, குட்டிச்சாத்தானின் அதே எழுத்தாளர். இசை வித்யாசாகர். மறுவெளியீடு 2024.
• ‘அனந்தபத்ரம்’ (2005): இயக்கம் சந்தோஷ் சிவன். திகம்பரனாக மனோஜ் கே. ஜெயன்.

மணிச்சித்திரத்தாழ் (1993)

• இயக்கம்: ஃபாசில். எழுத்து: மது முட்டம். தயாரிப்பு: சுவர்க்கசித்ரா அப்பச்சன். இவர் வேறு, நவோதயா அப்பச்சன் வேறு.
• இரண்டாம் பிரிவு இயக்குநர்கள்: பிரியதர்ஷன், சித்திக், லால், சிபி மலையில்.
• பாடல் இசை: எம். ஜி. ராதாகிருஷ்ணன். பின்னணி இசை: ஜான்சன்.
• பாத்திரங்கள்: டாக்டர் சன்னி – மோகன்லால். நகுலன் – சுரேஷ் கோபி. கங்கா / நாகவல்லி – ஷோபனா.
• கதைப் பின்புலம்: ஹரிப்பாடு அருகே முட்டம், ஆலும்மூட்டில் தறவாட்டின் (மரபுக் குடும்ப வீடு) பழைய துயரச் சம்பவம்.
• படப்பிடிப்பு 1: ஹில் பேலஸ், திருப்பூணித்துறை. கொச்சி அரச குடும்ப அரண்மனை. கட்டியது 1865. கட்டடங்கள் 49. இன்று அருங்காட்சியகம்.
• படப்பிடிப்பு 2: பத்மநாபபுரம் அரண்மனை. பழைய திருவிதாங்கூர்த் தலைநகர். அமைவிடம் தமிழ்நாடு, கன்னியாகுமரி மாவட்டம். நிர்வாகம் கேரள அரசு. 1956 மொழிவாரி மாநிலப் பிரிப்பின் விளைவு.
• தேசிய விருதுகள்: சிறந்த நடிகை (ஷோபனா), சிறந்த வெகுசனப் பொழுதுபோக்குப் படம்.
• ஷோபனாவின் இரண்டாம் தேசிய விருது: ‘மித்ர், மை ஃப்ரெண்ட்’. பத்மஸ்ரீ 2006, பத்மபூஷண் 2025.
• ஒரே நடிகைக்கு இரு குரல்கள்: கங்காவுக்குப் பாக்கியலட்சுமி, நாகவல்லிக்குத் துர்கா. படத்தின் பாதி அச்சம் இந்தக் குரல் மாற்றத்தில்.
• நாகவல்லி: தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ் நடனமங்கை. அதனால் உச்சக்கட்டப் பாடலில் தமிழ் வரிகள். மலையாள வரிகள் பிச்சு திருமலை, தமிழ் வரிகள் வாலி.
• வகைப்பாடு: உளவியல் திகில். ‘பேய்ப்படம்’ என்று குறிப்பது பிழை. நாகவல்லியின் ஆவி எந்தச் சட்டத்திலும் இல்லை. இருப்பது கங்காவின் நோய். தீர்வு மனநல மருத்துவரின் திட்டம். மந்திரவாதியும் மருத்துவரும் எதிரிகளாகாமல் ஒன்றாகச் செயல்படுவது மலையாளத் திரைக்கதையின் உச்சம்.
• மறு ஆக்கங்கள்:
– கன்னடம்: ‘ஆப்தமித்ரா’ (2004), பி. வாசு.
– தமிழ்: ‘சந்திரமுகி’ (2005), பி. வாசு. ரஜினிகாந்த், ஜோதிகா. சிவாஜி புரொடக்ஷன்ஸ். இசை வித்யாசாகர்.
– இந்தி: ‘பூல் புலையா’ (2007), பிரியதர்ஷன்.
– வங்காளம்: ‘ராஜ்மஹல்’ (2005).
• சந்திரமுகி: வெளியீடு 2005 ஏப்ரல் 14. சென்னை சாந்தி தியேட்டரில் 890 நாட்கள்.
• வேறுபாடு: மூலத்தில் தமிழ் பேசும் நாகவல்லி; தமிழில் தெலுங்கு பேசும் சந்திரமுகி. காரணம் தெளிவு: வீட்டுக்குள் திடீரென ஒலிக்கும் வேற்றுமொழியே அச்சத்தின் திறவுகோல்.
• ‘மணிச்சித்திரத்தாழ்’ 4கே மறுவெளியீடு: 2024 ஆகஸ்ட் 17.

மட்டாஞ்சேரி: எஸ்ரா (2017)

• வெளியீடு: 2017 பிப்ரவரி 10. இயக்கம்: ஜெய் கே. நடிப்பு: பிருத்விராஜ், பிரியா ஆனந்த், டொவினோ தாமஸ், சுதேவ் நாயர்.
• கரு: கொச்சி யூதர், பழம்பொருள் கடை, திப்புக் அடைக்கப்பட்ட பெட்டி.
• இந்தி வடிவம்: ‘திப்புக்’ (2021). இயக்கம் அதே ஜெய் கே. நாயகன் இம்ரான் ஹாஷ்மி.
• பரதேசி யூதத் தொழுகைக்கூடம், மட்டாஞ்சேரி: 1568. மணிக்கூண்டு 1760. தரையில் கையால் வரைந்த நீல வெள்ளைச் சீன ஓடுகள். 400ஆம் ஆண்டு விழா 1968, பங்கேற்பு இந்திரா காந்தி. சிறப்பு அஞ்சல்தலை வெளியீடு.
• 1948க்குப் பின் பெரும்பாலான கொச்சி யூதர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்வு. காலியான வீடுகளும் கைமாறிய பொருட்களும் வரலாற்று உண்மை; அவற்றில் பேய் என்பது திரைக்கற்பனை. ஒரு சமூகத்தின் நினைவைக் கையாளும்போது இந்த எல்லைக்கோடு முக்கியம்.
• திப்புக் பெட்டி என்ற கருத்தே புதிது. மூலம்: 2003இல் இணைய ஏலத்துக்கு வந்த மதுப்பெட்டி. அதன் கதை புனைவென்று எழுதியவரே 2021இல் ஒப்புதல். யூத மரபில் திப்புக் புகுவது உடலில், பெட்டியில் அல்ல.
• பழைய திரைவடிவம்: ‘திப்புக்’ (1937), போலந்து, யித்திய மொழி. மூலம் எஸ். ஆன்ஸ்கியின் நாடகம்.

மர்மப் படங்கள்

• ‘அந்த நாள்’ (1954): பாடல், நடனம் இல்லாத முதல் தமிழ்ப்படம். இயக்கம் எஸ். பாலசந்தர். தயாரிப்பு ஏவி.எம். நாயகன் சிவாஜி கணேசன், தொடக்கக் காட்சியிலேயே கொலையுண்டவர். பின்னணி 1943 சென்னை மீது ஜப்பானியர் குண்டுவீச்சு.
• ‘சிஐடி நசீர்’ (1971): இயக்கம் பி. வேணு. மலையாளத் துப்பறியும் தொடர்படங்களின் தொடக்கம்.
• ‘யவனிகா’ (1982): இயக்கம் கே. ஜி. ஜார்ஜ். காணாமல் போன தபேலாக் கலைஞன் அய்யப்பன் – பரத் கோபி. விசாரிக்கும் அதிகாரி – மம்மூட்டி. நாடகக் குழுவின் உள்வாழ்க்கையே துப்பு. கே. ஜி. ஜார்ஜ் மறைவு: 2023 செப்டம்பர் 24, காக்கநாடு.
• ‘ஒரு சிபிஐ டைரிக்குறிப்பு’ (1988): இயக்கம் கே. மது. எழுத்து எஸ். என். சுவாமி. சேதுராம ஐயர் – மம்மூட்டி. தொடர்ச்சி: ‘ஜாக்ரதா’ (1989), ‘சேதுராம ஐயர் சிபிஐ’ (2004), ‘நேரறியான் சிபிஐ’ (2005), ‘சிபிஐ 5’ (2022). ஐந்திலும் இயக்குநர், எழுத்தாளர், நாயகன் மாற்றமில்லை.
• ‘திரிஷ்யம்’ (2013): இயக்கம் ஜீத்து ஜோசப். கொலையாளி யார் என்பது பார்வையாளருக்கு முன்பே தெரியும்; தப்புவது எப்படி என்பதே மர்மம். தமிழில் ‘பாபநாசம்’ (2015), கமல்ஹாசன். சிங்களத்தில் ‘தர்மயுத்தய’ (2017). சீனத்தில் ‘மேய்ப்பனில்லா ஆடு’ (2019).
• ‘அஞ்சாம் பாதிரா’ (2020 ஜனவரி 10): இயக்கம் மிதுன் மானுவேல் தாமஸ். நாயகன் குஞ்சாக்கோ போபன். களம் கொச்சி.

புதிய அலை

• ராகுல் சதாசிவன்: ‘ரெட் ரெயின்’ (2013), ‘பூதகாலம்’ (2022), ‘பிரமயுகம்’ (2024), ‘டீயஸ் ஈரே’ (2025). திகிலையே தன் வழியாகக் கொண்ட இன்றைய இயக்குநர்.
• ‘பூதகாலம்’: ரேவதிக்குக் கேரள மாநிலச் சிறந்த நடிகை விருது.
• ‘பிரமயுகம்’: 2024 பிப்ரவரி 15. முழுவதும் கறுப்பு வெள்ளை. களம் 17ஆம் நூற்றாண்டு மலபார். வசனம் டி. டி. ராமகிருஷ்ணன். ஒளிப்பதிவு ஷெஹ்னாத் ஜலால். மம்மூட்டிக்குக் கேரள மாநிலச் சிறந்த நடிகர் விருது.
• ‘ரோமாஞ்சம்’ (2023): இயக்கம் ஜித்து மாதவன். ஓஜா பலகை, பெங்களூர் வாடகை வீடு. திகில், நகைச்சுவைக் கலவை.
• ‘லோகா அத்தியாயம் 1: சந்திரா’ (2025 ஆகஸ்ட் 28): இயக்கம் டொமினிக் அருண். தயாரிப்பு துல்கர் சல்மானின் வேஃபேரர் ஃபிலிம்ஸ். கள்ளியங்காட்டு நீலி என்னும் யட்சியாகக் கல்யாணி பிரியதர்ஷன், ‘மணிச்சித்திரத்தாழ்’ இரண்டாம் பிரிவு இயக்குநர் பிரியதர்ஷனின் மகள். சாத்தானாக டொவினோ தாமஸ். உலக அளவில் 300 கோடி ரூபாய் வசூல் கடந்த முதல் மலையாளப் படம்.