இணைக்கும் முன் விலைப்பட்டியலைப் பாருங்கள்

கேள்வி: அக்கரப்பத்தனை நகரில் மொத்தமாகவும் சில்லறையாகவும் பலசரக்கு வியாபாரம் செய்கிறோம். கவுண்டரில் பில் போட ஒரு மென்பொருள், கணக்குக்கு இன்னொன்று. விலை மாறும்போதெல்லாம் இரண்டிலும் தனித்தனியே அடிக்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் இணைத்துத் தருவதாகக் கொழும்பிலிருந்து ஒருவர் சொல்கிறார். நாங்கள் பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்தவர்கள். இணைப்பதற்கு முன் நாங்கள் பார்க்க வேண்டியது ஏதும் உண்டா?
– வாசகி ஒருவர், அக்கரப்பத்தனை

பதில்: இணைக்கும் வேலை ஒரே நாளில் முடியக்கூடியதுதான். அதற்கு முன்னால் நீங்கள் விலைப்பட்டியலோடு உட்கார வேண்டிய நாட்கள்தான் அதிகம். அந்த வேலையைக் கொழும்பிலிருந்து வருபவரால் செய்ய முடியாது. எந்தச் சாமானை எந்த அளவில், யாருக்கு, என்ன விலைக்குக் கொடுக்கிறீர்கள் என்பது உங்களுக்கும் கவுண்டரில் நிற்பவருக்கும்தான் தெரியும். இன்றைக்கு ஒரு மென்பொருளில் உள்ள பிழை அதோடு நிற்கிறது. இணைத்த பிறகு அது மற்றதற்கும் போய்விடும்.

வரியிலிருந்து தொடங்குங்கள். பட்டியலில் 590 என்று இருந்தால் அது வரி சேர்ந்த விலையா, சேராத விலையா? பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 வீதம். கவுண்டரில் 590 என்றால் சாமானுக்கு 500, வரிக்கு 90. அதே 590ஐ மற்ற மென்பொருள் வரி சேராத விலையாக எடுத்துக்கொண்டால், மேலும் 106 ரூபாய் 20 சதம் ஏறி 696.20 ஆகிவிடும். 2024 செப்டெம்பரில்தான் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. நாட்கூலியில் சாமான் வாங்க வருபவருக்கு இந்த 106 ரூபாய் சின்னத் தொகை அல்ல. எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 18 போடவும் கூடாது. உள்நாட்டுப் பசும்பாலிலிருந்து வரும் திரவப் பாலுக்கும் யோகட்டுக்கும் 2025 ஏப்ரலில் விலக்குக் கிடைத்தது. உங்களுக்குப் பக்கத்திலேயே அம்பேவெல இருப்பதால் இந்த வரிசை உங்கள் கடையில் நீளமாகவே இருக்கும். ஒவ்வொரு சாமானின் வரி வகையையும் கணக்காளரைக் கொண்டு உறுதிசெய்யுங்கள்.

அதிகம் கவனிக்க வேண்டியது பொதியில் அச்சிட்ட விலை. விலை ஏறியதும் கம்பனி புதிய விலையை அச்சிடுகிறது, பார்கோடை மாற்றுவதில்லை. அதனால் உங்கள் தட்டில் ஒரே பிஸ்கட் பழைய விலையிலும் புதிய விலையிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பார்கோடுக்குள் விலை கிடையாது. மென்பொருள் அந்த எண்ணை வைத்துத் தன் பட்டியலில்தான் விலையைத் தேடுகிறது. அங்கே புதிய விலை மட்டும் இருந்தால் பழைய பொதியும் அந்த விலைக்கே போகும். அச்சிட்டதற்கு மேல் விற்பது குற்றம். வர்த்தமானியில் உச்சவிலை நிர்ணயித்த பொருள்களுக்கு, 2021ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, தனியாளுக்கு 1 இலட்சம் முதல் 5 இலட்சம் ரூபாய் வரையும் கம்பனிக்கு 5 இலட்சம் முதல் 50 இலட்சம் வரையும் அபராதம். 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தலுக்கு 2025 ஏப்ரலில் 70 ரூபாய் என்று வந்தது அப்படியொரு உச்சவிலைதான். ஆகவே சரக்கு வந்த தொகுதிவாரியாக அச்சு விலையைப் பதியும் வசதி இரண்டு மென்பொருளிலும் உண்டா என்று கேளுங்கள். ஒன்றில் இல்லையென்றால், பழைய சரக்கு தீரும்வரை அந்தச் சாமானின் விலையை ஏற்றாதீர்கள்.

அடுத்தது அளவு. சீனியை 50 கிலோ மூட்டையாக வாங்கி, கிலோவாகவும் 250 கிராமாகவும் விற்கிறீர்கள். கணக்கில் ‘ஒன்று’ என்றால் மூட்டை, கவுண்டரில் ‘ஒன்று’ என்றால் கிலோ என இருந்தால், மூட்டை விலை கிலோவின் கொள்விலையாகப் போய் உட்கார்ந்துவிடும். இலாபக் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும். ‘பருப்பு’, ‘மைசூர் பருப்பு’, ‘பரிப்பு’ என்று ஒரே சாமான் மூன்று பெயரில் கிடந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடிவிடுங்கள். பட்டியலை எக்செலில் திறக்கும்போது பார்கோடுப் பத்தியை முதலில் எழுத்து வகையாக மாற்றுங்கள். இல்லாவிட்டால் 479இல் தொடங்கும் 13 இலக்க எண்கள் சுருங்கிவிடும். அப்படியே CSV கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் பூச்சியமாகிவிடும்.

உங்கள் கடையில் பற்றுக் கொப்பியும் இருக்கும். சம்பளத்துக்குக் கட்டுவதாகச் சொல்லிச் சாமான் எடுத்தவருக்கு, எடுத்த நாளின் விலைதான் கணக்கு. ஒவ்வொரு விலைக்கும் அது தொடங்கும் திகதியைப் பதியுங்கள். பழைய பில் இணைப்பின் வழியே போகும்போது அதில் எழுதிய விலையோடுதான் போக வேண்டும், இன்றைய பட்டியலிலிருந்து புதிதாக எடுக்கக் கூடாது. இதை மட்டும் வாய்ப்பேச்சில் விடாமல் எழுத்தில் வாங்குங்கள்.

விலையை மாற்றும் உரிமை ஒரே மென்பொருளுக்கு இருக்கட்டும். கணக்கிலிருந்து கவுண்டருக்கு விலை, கவுண்டரிலிருந்து கணக்குக்கு விற்பனை. இரு பக்கமும் விலையை மாற்றவிட்டால் எது கடைசியாக வந்ததோ அது வென்றுவிடும்.

சம்பள வாரத்திலும் தீபாவளிக்கு முந்திய வாரங்களிலும் இணைப்பு வேண்டாம். இரண்டு பட்டியலையும் பிரதி எடுத்து வெளியே வையுங்கள். பிறகு வரிவிலக்குப் பெற்றது, நிறுத்துக் கொடுப்பது, இரண்டு அச்சு விலை உள்ளது, பற்றில் போவது என ஒவ்வொரு வகையிலும் சில சாமான்களுக்கு பில் போட்டு, கையால் கணக்குப் பாருங்கள். ஒரு பில் பிழைத்தாலும் காரணம் தெரியும்வரை இணைத்தவருக்கு மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.